தூங்குகிற விரல்கள் – அத்தியாயம் 11: ஒரு ஸ்டாப் முன்னால்

போன வாரம் ஜூடித்தை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? டிரங்க் எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில், தலையில் ஹெட்செட்டோடு, பாதியில் அறுந்துபோன ஒரு பெண் குரலைக் காதுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், அப்படியே ஒரு வாரம் உட்கார வைத்துவிட்டேன். என்னைத் திட்டிக் கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. வாருங்கள், அவளை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம்.

இன்றைக்குத்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. ஜோகுபாளையத்து ரெமிஜியஸின் மூத்த பெண் ஜூடித். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெங்களூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினான்கு வருஷமாக ஆபரேட்டர். அவள் பிளக்கை எடுத்துச் செருகினால்தான் இந்த ஊர் மருமகன் மதராஸ் மாமனாரோடு பேச முடியும். அந்த வலது கையின் விரல்கள்தான் ஏழு மாதமாகத் தூங்குகின்றன.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடக்கின்றன. ரவிக்கைப் பொத்தானைத் தங்கை மௌரீன்தான் போட்டுவிட வேண்டியிருக்கிறது. மூன்று டாக்டர் பார்த்தாயிற்று. ஒருவர் ரத்தம் போதவில்லை என்று பன்னிரண்டு ஊசி போட்டார். இன்னொருவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார். மூன்றாமவர் கையைப் பார்த்தார், தன் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், "குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் உண்டா?" என்று கேட்டார். எந்த நோய் என்று ஜூடித் கேட்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டாள்.

புதன்கிழமைதான் அந்தக் கால் வந்தது. ஃப்ரேசர் டவுன் தபால் ஆபீஸ் பூத்திலிருந்து கோயம்புத்தூருக்கு, மூன்று நிமிடம். லைனைக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது எக்ஸ்சேஞ்சின் முதல் பாடம். மூன்று நிமிடம் ஆனதும் "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று நடுவே புகுந்து சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது பாடம். ஜூடித் இரண்டையும் கோட்டை விட்டாள்.

"விரலெல்லாம் தூங்கிக்கிட்டிருந்துச்சுடி. ஆபரேசன் பண்ணப்புறம் ஒண்ணொண்ணா முழிச்சுக்குது. நேத்து ஊசியில நூல் கோத்துட்டேன், நம்புவியா?"

நம்புவாளாவது! கோயம்புத்தூரில் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரலின் தங்கையைவிட நடுவில் உட்கார்ந்திருந்தவள்தான் அதை நம்பினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடம் கேட்டாள். "டாக்டர் யாருன்னா..." என்று அந்தக் குரல் ஆரம்பிக்கவும், சூப்பர்வைசர் லட்சுமம்மாவின் செருப்புச் சத்தம் பின்னால் வரவும் சரியாக இருந்தது. பதறிய ஜூடித் பக்கத்து பிளக்கைத் தொடப் போனாள். உணர்ச்சியில்லாத விரல், வேண்டிய பிளக்கை விட்டுவிட்டு அந்தக் கோயம்புத்தூர் லைனின் பிளக்கையே பிடுங்கிவிட்டது. லைன் போயிற்று.

மறுநாள் மேஜைமேல் மெமோ. மூன்று நிமிட டிக்கெட்டில் ஏழு நிமிடம் ஓடியது எப்படி? திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தேவை. ஒட்டுக்கேட்டேன் என்று எழுதினால் வேலை போய்விடும். கை சரியில்லை என்று எழுதினால், சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தராதவரையில், அப்போதும் வேலை போய்விடும். எந்த டாக்டரிடம் போவது?

இதற்கு நடுவில் வீட்டில் கல்யாணம் வேறு. நாளை ஞாயிறு, பூசையில் மௌரீனுக்கு முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாரின் மகள் மௌரீனுக்கும் இன்னாரின் மகன் ஓஸ்வால்டுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் ஊரறியக் கேட்பார். அக்காவுக்கு மரத்துப்போன கை என்ற ஒரு வார்த்தை போதும், அதற்குக் கையும் காலும் வைத்துக் கோயில் வாசல் வரை நடக்கவிட நம் ஜனங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

ஆக, இன்று சனிக்கிழமை. ஜூடித்துக்கு வாராந்தர லீவு.

விடிந்து வெகு நேரமாகியும் அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் தெருவை விட்டுப் போகவில்லை. எதிர்வீட்டு மாடு பாதிதான் தெரிந்தது. ஜூடித் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். லீவு நாளிலும் அவள் காதுக்குள் ஊர்கள் பேசிக்கொண்டே இருக்கும். சேலம் சிரிக்கும், பம்பாய் கோபிக்கும், மைசூர் அழும். எல்லாவற்றுக்கும் அடியில் இந்த மூன்று நாளாக ஒரே குரல்: டாக்டர் யாருன்னா... டாக்டர் யாருன்னா...

"அக்கா! கனவு கண்டது போதும். அவங்க வந்துட்டாங்க" என்று மௌரீன் உலுக்கினாள்.

ஓஸ்வால்டின் அம்மா பியாட்ரிஸ் வந்திருந்தாள். மோதிர அளவு எடுக்க வேண்டுமாம். இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் நாலு வார்த்தைகூட முழுதாகப் பேசியதில்லை. ரெமிஜியஸ் இருக்கிற இடத்தில் வேறு யார் பேச முடியும்? மிலிட்டரி ஸ்டோரில் முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர், ரிட்டயர் ஆனதும் வட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். பியாட்ரிஸிடம் ஜூடித் கவனித்தது ஒன்றுதான். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்பு ஜெபமாலையைச் சுற்றி வைத்திருப்பாள். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். எப்பேர்ப்பட்ட பக்தி என்று ஜோகுபாளையமே மெச்சியது.

"என் காலத்துல மோதிரம்னா..." என்று ரெமிஜியஸ் ஆரம்பித்தார்.

"அப்பா, காபி ஆறிப்போவுது, மொதல்ல குடிங்க" என்று மௌரீன் ஒரே போடாகப் போட்டாள்.

அவர் குடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வீடு அமைதியாக இருந்தது. பியாட்ரிஸ் பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்தாள். மௌரீனின் மோதிர விரலில் சுற்றினாள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கடுகளவு முடிச்சொன்று போட்டு, நூல் நெகிழாமல் உருவி எடுத்தாள்.

"அடேயப்பா, என்னா நேர்த்தி ஆன்ட்டி!" என்றாள் மௌரீன்.

"ஆறு மாசத்துக்கு முந்தி என்னால இது ஆவாதும்மா" என்று பியாட்ரிஸ் சிரித்தாள். "இப்பத்தான் விரலெல்லாம் முழிச்சுக்கிச்சு."

ஜூடித்தின் கையில் இன்னொரு கப் காபி இருந்தது. இருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியாது. தரையில் உடைந்த பிறகு, சத்தத்தில்தான் தெரிந்தது.

அந்தக் குரல்! அதே குரல்! மூன்று நாளாகத் தன் வீட்டுக்கே சம்பந்தியாகப் போகிறவளை ஃப்ரேசர் டவுன் பூத்தில் தேடியிருக்கிறாளே, இந்தப் பைத்தியக்காரியை என்னவென்று சொல்வது?

"பாத்தீங்களா, இவ இப்படித்தான்" என்று ரெமிஜியஸ் மீசையைத் துடைத்தார். "உடம்பு இங்க, மனசு எக்ஸ்சேஞ்சுல. இந்த மாசம் இது நாலாவது கப்பு."

ஜூடித் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். தலை நிமிரவில்லை. உங்கள் ரகசியம் எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்டால்? டிரங்க் காலை ஒட்டுக்கேட்ட ஆபரேட்டரை யார் வீட்டுக்குள் சேர்ப்பார்கள்? கல்யாணம் நின்றால் மௌரீன் முகத்தில் எப்படி விழிப்பது? வாயைத் திறந்தால் தங்கை போவாள். மூடினால் கை போகும்.

விரலில் ரத்தம் கசிவதைப் பார்த்தவள் பியாட்ரிஸ்தான். சில்லு கீறியிருந்தது. ஜூடித்துக்கு அது தெரியவே இல்லை.

"வாம்மா, கழுவிவிடறேன்" என்று அவளைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தூக்கத்துல எந்திரிச்சுக் கையை உதறுவியா?"

ஜூடித் தலையை ஆட்டினாள். "தினம் ஆன்ட்டி. உதறினாத்தான் கொஞ்சம் உசிரு வருது."

"எந்த விரல்?"

"இது மூணும். மோதிர விரல்ல பாதி."

"சுண்டு விரல்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

பியாட்ரிஸ் கண்ணை மூடி ஒரு தரம் பெருமூச்சு விட்டாள். பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ரெமிஜியஸ் 1943-இல் ஒரு கர்னல் தனக்குக் கைகொடுத்த கதையை மௌரீனிடம் நாற்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பியாட்ரிஸ் ஜெபமாலையை மெதுவாகச் சுற்று சுற்றாக அவிழ்த்தாள். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு.

"ஊரு இதை பக்தின்னு நெனச்சுக்கிட்டிருக்கு. ஒம்பது செவ்வாக்கிழமை நவநாளுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ நானு. மாதா மன்னிப்பா, அவளும் பொம்பளதானே."

"எந்த ஆஸ்பத்திரி?"

பியாட்ரிஸ் மாலையைத் திரும்பச் சுற்றி முடித்துவிட்டுத்தான் சொன்னாள். "பொம்மனஹள்ளி தாண்டி. குஷ்டரோக ஆஸ்பத்திரி."

ஜூடித்துக்கு மூன்றாவது டாக்டரின் நாற்காலி கண்முன் வந்து பின்னுக்குப் போயிற்று.

"சும்னே பயப்படாத. நமக்கு அது இல்ல. அந்த நோவுன்னா பெரும்பாலும் சுண்டு விரல் பக்கம்தான் மொதல்ல மரத்துப்போவுமாம். அந்த ஆஸ்பத்திரி டாக்டரு அதை ஆயிரம் பேருக்குப் பாத்தவரு, அதனாலதான் இது வேறன்னு கையைத் தொட்டதும் சொன்னாரு. இந்த மணிக்கட்டுக்குள்ள ஒரு சந்து இருக்காம், அது வழியா நரம்பு போவுதாம். மேல இருக்கற பட்டை இறுகி அதை நசுக்குதாம். பட்டையை அறுத்துவிட்டாப் போதும். கைக்குன்னே ஆபரேசன் பண்ற டாக்டரு இந்தச் சுத்துப்பட்டுல அவரு ஒருத்தர்தான். அவரு அங்கதான் இருக்காரு, நான் என்ன பண்ணட்டும்?"

நசுங்கிய லைன் என்றால் ஜூடித்துக்கு விளக்க வேண்டியதில்லை. பதினான்கு வருஷம் அதோடுதான் குடித்தனம்.

"இன்னிக்கு இருப்பாரா ஆன்ட்டி?"

"சாயங்காலம் நாலு வரைக்கும் பாப்பாரு." பியாட்ரிஸ் கூடத்துக்கு வந்து குரலை உயர்த்தினாள். "ஆசாரிகிட்ட அளவு குடுக்கப் போறேன். ஜூடித்தைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேங்க!"

மார்க்கெட்டில் ஓசூர் பஸ் கிடைத்தது. அடுகோடி தாண்டியதும் ஊர் முடிந்துவிட்டது. அப்புறம் இருபுறமும் ராகிக் கொல்லை, நடுநடுவே ஒரு கிணறு, ஒரு புளியமரம். மதியமாகியும் வானம் வெளுக்கவில்லை. எல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கலாக அசைந்தது. ஜூடித்துக்குத் தான் போகிறோமா, யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறோமா என்றே புரியவில்லை. பயம்கூட எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

பியாட்ரிஸ் திடீரென்று எழுந்து மணிக் கயிற்றை இழுத்தாள்.

"இங்கயா?"

"ஒரு ஸ்டாப் முன்னாடி. அங்க எறங்கினா கண்டக்டர் ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிக் கூவுவான். பஸ்ஸே திரும்பிப் பாக்கும். நான் ஒம்பது தடவையும் இங்க எறங்கி நடந்தேன்."

நீலகிரி மரங்களுக்கு நடுவே மண்பாதை. ஈர இலை வாசனை. இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

"ஓஸ்வால்டுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"அவனுக்கும் தெரியாது, அவங்கப்பாவுக்கும் தெரியாது. தவறி விழுந்து கண்ணாடி கிழிச்சுதுன்னு சொல்லிட்டேன். கோயம்புத்தூர்ல என் தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் போன புதன்கிழமை." பியாட்ரிஸின் முகம் மலர்ந்தது. "மூணு நிமிசம்தான் கேட்டேன். மனசுல இருந்ததெல்லாம் கொட்டிக்கிட்டே இருக்கேன், லைன் நிக்கவே இல்ல. யாரோ ஒரு புண்ணியவதி, ஆபரேட்டர் பொண்ணு, குறுக்க வராம விட்டுட்டா. ஆறு மாசமா அடைச்சு வெச்சிருந்தது, அன்னிக்குத்தான் நான் மூச்சு விட்டேன். அவளை ஒரு தரம் பாத்தா கையைப் புடிச்சுக்குவேன்."

ஜூடித் நின்றுவிட்டாள். சொல்ல வேண்டாம் என்று புத்தி சொன்னது. ஆனால் தன்னை நம்பி மாலையை அவிழ்த்துக் காட்டியவளிடம் இன்னும் எத்தனை தூரம் ஊமையாக நடப்பது?

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினான்கு வருஷத்துப் பழக்கத்தில் அந்தக் குரல் தானாக வந்தது, வீட்டில் யாருமே கேட்டிராத, வழவழப்பான எக்ஸ்சேஞ்ச் குரல்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர், மேடம்."

மரத்தில் ஏதோ பறவை கத்திவிட்டு ஓய்ந்தது. பியாட்ரிஸின் முகம் வெளுத்துவிட்டது. ரகசியம் வெளியே போயிருக்கிறது, அதுவும் சம்பந்தி வீட்டுக்கு. அவள் கை ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தது.

பிறகு கேட்டாள். "அப்படின்னா... அந்த முக்கியமான எடத்துல லைனை ஏன்டி புடுங்கினே?"

"நான் புடுங்கலை ஆன்ட்டி." ஜூடித் வலது கையை நீட்டினாள். அழுகை வந்துவிட்டது. "இதுதான் புடுங்கிச்சு."

பியாட்ரிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. காலையில் சில்லு கீறிய இடம் காய்ந்திருந்தது. சொன்னபடியே அதைப் பிடித்துக்கொண்டாள். கேட் வரும் வரையில் விடவில்லை.

உள்ளே வெள்ளையடித்த தாழ்வாரம். பெஞ்சில் பத்துப் பேர். துணி சுற்றிய கைகள், மடங்கிய விரல்கள். ஒரு பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து ஜூடித்துக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கையை மடியில் மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மேஜையருகே குமாஸ்தா பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து கன்னடத்தில் பேர் கேட்டார்.

பியாட்ரிஸ் காதோடு கிசுகிசுத்தாள். "வேற பேர் சொல்லு. நான் சந்திரம்மான்னு போட்டேன்."

ஜூடித் வேண்டாமென்று தலையசைத்தாள். "எக்ஸ்சேஞ்சுல மெமோ குடுத்திருக்காங்க ஆன்ட்டி. ஏன் ஏழு நிமிசம் ஓடுச்சுன்னு. கை சரியாயிடும்னு திங்கக்கிழமை டாக்டர் சர்டிபிகேட் குடுத்தாத்தான் பொழைப்பேன். அது ஜூடித்துக்கு வேணும். சந்திரம்மாவுக்கு வந்து என்ன பிரயோஜனம்?"

"ஐயோ, அந்த ஏழு நிமிசத்துக்கா?"

"என் பேரைப் போட்டா, இங்க யாராவது பாத்துட்டுப் போய்ச் சொல்லலாம். நாளைக்கு ஓலை. தடை சொல்ற உரிமை பையனோட அம்மாவுக்குத்தான் மொதல்ல." ஜூடித் அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. என் பேரை எழுதவா, வேணாமா?"

குமாஸ்தா பேனாவை மேஜையில் தட்டினார். பியாட்ரிஸின் கண் பெஞ்சுக்குப் போயிற்று, கேட்டுக்குப் போயிற்று, அப்பால் அவர்கள் நடந்து வந்த மண்பாதைக்குப் போயிற்று. ஒன்பது தடவை அவள் தனியாக நடந்த பாதை.

அப்புறம் குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்த மனிதர் திகைத்துப்போனார். ரிஜிஸ்தரைப் பின்னோக்கிப் புரட்டினாள், ஒரு பக்கம், இரண்டு பக்கம், பல பக்கம். மார்ச் மாதத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். சந்திரம்மா என்பதை ஒரே கோட்டால் அடித்தாள். முழித்துக்கொண்ட அந்த விரல்களால் மேலே அழகாக எழுதினாள்: பியாட்ரிஸ். பக்கத்தில் ஊர், தெரு, வீட்டு நம்பர்.

"அம்மா, ஏனிது?" என்றார் குமாஸ்தா.

"தப்பா எழுதிட்டேன், திருத்திட்டேன். இப்ப இவ பேரை எழுதிக்குங்க" என்றாள். ஜெபமாலையைக் கழற்றி, கழுத்தில் போட்டுக்கொண்டாள். தழும்பு தாழ்வார வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

ஜூடித் தன் பேரைச் சொன்னாள். வெட்கமில்லாமல் அழுதாள். நானாயிருந்தாலும் அழுதிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கதவு திறந்தது. "ஜூடித் ரெமிஜியஸ்!" என்று ஒரு நர்ஸ் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். பதினான்கு வருஷமாக மற்றவர்களை மற்றவர்களோடு சேர்த்துவிட்டவளுக்கு, அன்றைக்கு அவளுக்கே ஒரு கால் வந்திருந்தது.

அவள் எழுந்து நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"போ" என்றாள் பியாட்ரிஸ். "மூணு நிமிசக் கணக்கெல்லாம் இங்க இல்ல. நிதானமா, எல்லாத்தையும் சொல்லிட்டு வா. நான் இங்கயே இருக்கேன். திரும்பிப் போறப்ப ஆஸ்பத்திரி ஸ்டாப்புலயே பஸ் ஏறிக்கலாம்."